ஒன்பது மணி பன்னிரண்டு மணி ஆன கதை

பகல் 12 மணிக்கு இங்கிலீஷில் "நூன்" என்று பெயர். இங்கிலீஷ் படிக்கும் சிறு பிள்ளைகளுக்கும் இந்தச் சொல் தெரியும். "ஆப்டர்நூன்" என்றால் பிற்பகல். "குட் ஆப்டர்நூன்" என்றால் பிற்பகல் வணக்கம்.

ஆனால், "நூன்" என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் என்ன?

பன்னிரண்டு அல்ல. நடுப்பகலும் அல்ல. "ஒன்பதாவது" என்பதுதான் அதன் பொருள்!

ஒன்பதாவது மணி எப்படிப் பன்னிரண்டு மணி ஆயிற்று? கடியாரம் தவறாக ஓடியதா? இல்லை. சொல்தான் ஓடியது. பிற்பகல் 3 மணிக்கு உரிய சொல், சில நூறு ஆண்டுகளில் மெல்ல மெல்ல நகர்ந்து 12 மணிக்கு வந்து விட்டது.

அதை நகர்த்தியதில் பசிக்குப் பெரிய பங்கு உண்டு.

நவராத்திரிக்கு உறவு

பழைய ரோமாபுரியில் பேசப்பட்ட மொழி லத்தீன். அந்த மொழியில் ஒன்பதுக்கு "நோவெம்" என்று பெயர். ஒன்பதாவது என்பதற்கு "நோனா". ஒன்பதாவது மணி என்பதை "நோனா ஹோரா" என்றார்கள்.

கிறிஸ்தவ மதம் இங்கிலாந்துக்குப் பரவியபோது, லத்தீன் மொழியும் கூடவே போயிற்று. மடங்களிலும் மாதா கோவில்களிலும் லத்தீனில்தான் வழிபாடு நடந்தது. அங்கிருந்த மக்கள் "நோனா" என்ற சொல்லைச் சுருக்கி "நோன்" என்று வழங்கினார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய இங்கிலீஷ் ஏடுகளில் இந்தச் சொல் இருக்கிறது. அதுவே பிறகு "நூன்" ஆயிற்று.

லத்தீன் "நோவெம்", வடமொழி "நவ", இங்கிலீஷ் "நைன்" மூன்றும் ஒரே வேரில் கிளைத்த சொற்கள். நவராத்திரி, நவக்கிரகம், நவதானியம் என்று சொல்லும்போது வருகிற "நவ" இதுதான். நவம்பர் மாதத்தின் பெயரில் இருப்பதும் இந்த ஒன்பதுதான்.

ஆக, "நூன்" என்ற இங்கிலீஷ் சொல்லும் நவராத்திரியும் தூரத்து உறவினர்கள்!

நோன்பு என்ற தமிழ்ச் சொல்லும் இதே மாதிரி ஒலிக்கிறது. மேலே சொல்லப் போகும் கதையிலும் நோன்பு வருகிறது. ஆனால் இரண்டுக்கும் உறவு இல்லை. நோன்பு என்பது "நோற்றல்" என்ற தமிழ் வேரில் பிறந்தது. ஒலி ஒத்துப் போனது தற்செயல்.

நீளும் மணி, சுருங்கும் மணி

ஒன்பதாவது மணி என்றால் காலை 9 மணி என்று நினைத்து விடக் கூடாது.

ரோமாபுரி மக்கள் நள்ளிரவில் இருந்து மணியை எண்ணவில்லை. சூரியன் உதிப்பதில் இருந்து எண்ணினார்கள். உதயத்தில் இருந்து அஸ்தமனம் வரை உள்ள நேரத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பங்கும் ஒரு மணி. ஆறாவது மணி முடியும்போது சூரியன் உச்சிக்கு வரும். ஒன்பதாவது மணி முடியும்போது, நமது கணக்குப்படி ஏறக்குறைய பிற்பகல் 3 மணி.

பைபிளில் ஏசுநாதர் சிலுவையில் உயிர் நீத்த நேரம் ஒன்பதாம் மணி என்று சொல்லப்படுவதும் இந்தக் கணக்கில்தான். அதாவது பிற்பகல் 3 மணி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோடையில் பகல் நீளம். குளிர் காலத்தில் பகல் குறைவு. நீண்ட பகலையும் பன்னிரண்டு பங்கு போட வேண்டும். குறுகிய பகலையும் பன்னிரண்டு பங்கு போட வேண்டும். ஆகவே, ஒரு மணி என்பது கோடையில் நீளும், குளிர் காலத்தில் சுருங்கும்!

தமிழ்நாட்டில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் இங்கிலாந்து வெகு வடக்கே இருக்கிறது. லண்டனில் ஜூன் மாதம் மிக நீண்ட பகல் சுமார் 16½ மணி நேரம். டிசம்பர் மாதம் மிகக் குறுகிய பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு.

இதன்படி கணக்குப் போட்டால், லண்டனில் ஜூன் மாதத்து ஒரு "மணி"க்கு சுமார் 83 நிமிடம். டிசம்பர் மாதத்து ஒரு "மணி"க்கு சுமார் 39 நிமிடம்தான். ஒன்பதாவது மணி ஜூனில் மாலை 4 மணிக்கு மேல் வரும். டிசம்பரில் 2 மணிக்கு முன்பே வந்து விடும்.

ஆக, "நோன்" என்பது ஆரம்பத்தில் இருந்தே ஒரே இடத்தில் நிற்காத சொல். இருந்தாலும், உச்சிப் பொழுதுக்கும் மாலைக்கும் நடுவே அது இருந்தது. உச்சியைத் தொட்டது இல்லை.

மெழுகுவர்த்திக் கடியாரம்

அந்தக் காலத்து இங்கிலாந்தில் முள் வைத்த கடியாரம் கிடையாது. மாதா கோவில் சுவரில் கல்லில் கோடுகள் செதுக்கி, நடுவில் ஒரு குச்சி நட்டு வைப்பார்கள். குச்சியின் நிழல் விழும் கோட்டைப் பார்த்துப் பொழுதைச் சொல்வார்கள்.

யார்க்‌ஷயர் பகுதியில் கிர்க்டேல் என்ற ஊரில் அப்படி ஒரு நிழற்கடியாரம் இன்றும் இருக்கிறது. 1055-க்கும் 1065-க்கும் இடையே செதுக்கப்பட்டது. அதில் பழைய இங்கிலீஷில் எழுத்துக்கள் பொறிக்கப்பட்டு இருக்கின்றன.

அதில் "டைட்" என்ற சொல் வருகிறது. பொழுது என்பதற்குப் பழைய இங்கிலீஷ்காரர்கள் வழங்கிய சொல் அது. ஒரு நாளை எட்டு "டைட்" ஆகப் பிரித்தார்கள். இன்று அந்தச் சொல்லுக்குக் கடல் நீர் ஏறி இறங்குவது என்று பொருள். பொழுது என்ற பழைய பொருள் "கிறிஸ்மஸ்டைட்" போன்ற சில சொற்களில் மட்டும் மிஞ்சி இருக்கிறது.

வெயில் இல்லாத நாளில் நிழற்கடியாரம் என்ன செய்யும்? ஒன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட ஆல்பிரட் மன்னர் இதற்கு ஒரு வழி கண்டார் என்று அவரது வரலாற்றை எழுதிய ஆசர் என்ற பாதிரியார் குறிப்பிட்டு இருக்கிறார். ஒரே எடை உள்ள ஆறு மெழுகுவர்த்திகள். ஒன்று எரிந்து முடிய 4 மணி நேரம். ஆறும் எரிந்து முடிந்தால் ஒரு நாள். காற்றில் அணையாமல் இருக்க, மாட்டுக் கொம்பை மெல்லிய தகடாகச் சீவி, அதில் கூண்டு செய்து வைத்தார்கள்.

மன்னருக்கு மெழுகுவர்த்தி சரி. ஏழைக் குடியானவனுக்கு? அவனுக்குக் கடியாரம், மடத்தின் மணி ஓசைதான்.

மடத்து மணி

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டில் பெனடிக்ட் என்ற துறவி வாழ்ந்தார். மான்டி கசினோ என்ற மலையில் அவர் மடம் அமைத்தார். துறவிகள் எப்போது எழுந்திருக்க வேண்டும், எப்போது உழைக்க வேண்டும், எப்போது சாப்பிட வேண்டும் என்று ஒரு சட்டம் எழுதி வைத்தார். ஐரோப்பாவில் பல நூறு மடங்கள் அந்தச் சட்டப்படி நடந்தன. இங்கிலாந்தின் பெரிய மடங்களும் அப்படியே.

அந்தச் சட்டப்படி பகலில் குறிப்பிட்ட மணிகளில் வழிபாடு நடக்கும். முதல் மணி வழிபாடு, மூன்றாம் மணி வழிபாடு, ஆறாம் மணி வழிபாடு, ஒன்பதாம் மணி வழிபாடு, பிறகு மாலை வழிபாடு. ஒவ்வொன்றுக்கும் கோவில் மணி அடிக்கும். அதைக் கேட்டுத்தான் சுற்று வட்டார மக்கள் பொழுதை அறிந்தார்கள்.

ஒன்பதாம் மணி வழிபாட்டுக்குப் பெயர் "நோன்".

"நோன் அடித்து விட்டது" என்றால், வயலில் நின்றவனுக்கு அதுதான் நேரம். சூரியன் எங்கே நிற்கிறது என்று அவன் பார்ப்பது இல்லை. மணி ஓசை எப்போது கேட்கிறதோ, அப்போது நோன்! சொல் நகர்ந்த ரகசியம் இதில்தான் அடங்கி இருக்கிறது.

பசித்த வயிறு

பெனடிக்ட் சட்டத்தில் சாப்பாட்டு நேரமும் எழுதப்பட்டு இருக்கிறது.

ஈஸ்டர் பண்டிகைக்குப் பிறகு ஐம்பது நாட்கள் ஆறாம் மணிக்குச் சாப்பாடு. அதாவது உச்சிப் பொழுதில். மாலையில் இன்னொரு வேளையும் உண்டு.

கோடையில் புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் நோன்பு. அந்த நாட்களில் ஒன்பதாம் மணி வரை காத்து இருக்க வேண்டும். வயல் வேலை கடுமையாக இருந்தாலோ, வெயில் அதிகமாக இருந்தாலோ சலுகை உண்டு.

செப்டம்பர் மாத நடுவில் இருந்து தவக்காலம் ஆரம்பிக்கும் வரை, எல்லா நாளும் ஒன்பதாம் மணிக்குத்தான் சாப்பாடு. தவக்காலத்தில் இன்னும் கடுமை. மாலை வழிபாடு முடிந்த பிறகே உணவு.

இரவு தூக்கத்தின் நடுவே எழுந்து வழிபாடு. விடிந்ததும் மறுபடி வழிபாடு. பிறகு தோட்ட வேலை, எழுத்து வேலை, சமையல் வேலை. இத்தனையும் செய்து விட்டு, வெறும் வயிற்றோடு பிற்பகல் 3 மணி வரை இருக்க வேண்டும் என்றால் சும்மாவா? இளம் வயதுத் துறவிகள் பாடு எப்படி இருந்து இருக்கும்!

நோன் மணி அடித்தால் வழிபாடு. வழிபாடு முடிந்தால் சாப்பாடு. ஆகவே எல்லோருடைய காதும் அந்த மணி ஓசையின் மீதே இருந்தது.

அந்த மணி கொஞ்சம் முன்னால் அடித்தால் என்ன?

பெனடிக்ட்டே ஓர் இடத்தில் இதற்கு வழி விட்டு இருக்கிறார். கோடையில் ஒன்பதாம் மணி வழிபாட்டைச் சற்று முன்னதாக, எட்டாம் மணியின் நடுவிலேயே நடத்தலாம் என்று எழுதி இருக்கிறார். அது சாப்பாட்டுக்காக அல்ல, வேலைக்காகச் சொல்லப்பட்டது. ஆனாலும் ஒன்பதாம் மணி வழிபாட்டை ஒன்பதாம் மணிக்கே நடத்த வேண்டிய அவசியம் இல்லை என்று அப்போதே ஆகி விட்டது.

நகர்ந்தது நோன்

பிறகு வந்த நூற்றாண்டுகளில் வழிபாட்டு நேரம் சிறிது சிறிதாக முன்னால் வந்தது. சாப்பாட்டு நேரமும் அதனோடு முன்னால் வந்தது. விதி மீறப்படவில்லை. "நோன் முடிந்த பிறகே உணவு" என்பதுதான் விதி. நோன் முடிந்து விட்டது, சாப்பிடலாம்! அவ்வளவுதான்.

தவக்கால விதியும் இப்படியே ஆயிற்று. முதலில் மாலையில்தான் உணவு என்று இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த பெரிய மத அறிஞர் தாமஸ் அக்வினாஸ், நோன்பு நாளில் ஒன்பதாம் மணி வாக்கில் சாப்பிடுவது தகும் என்று எழுதினார். பிற்காலத்தில் தவக்காலத்து மாலை வழிபாட்டையே உச்சிப் பொழுதுக்கு முன்பு பாடி முடித்து விட்டு, நடுப்பகலில் சாப்பிடும் வழக்கம் வந்தது. மாலை வழிபாடு காலையிலேயே முடிந்து விட்டது!

இத்தாலியின் மகாகவி தாந்தே, பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு நூலில் இதைப் பற்றிப் பேசுகிறார். ஆறாம் மணிதான் நாளிலேயே உயர்ந்த நேரம் என்றும், அதனால் வழிபாடுகளை அதை ஒட்டி வைக்கிறார்கள் என்றும், ஏழாம் மணி பிறக்கும்போதே நோன் மணி அடிக்க வேண்டும் என்றும் அவர் சொல்கிறார். ஏழாம் மணி பிறக்கும் நேரம் எது? உச்சிப் பொழுதேதான்! ஒன்பது, ஆறின் மடியில் வந்து உட்கார்ந்து விட்டது.

இங்கிலாந்திலும் இதேபோல நடந்தது. பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் "நோன்" என்ற சொல்லின் பொருள் மாறத் தொடங்கியது. பதினான்காம் நூற்றாண்டில் நடுப்பகல் என்பதே அதன் வழக்கமான பொருள் ஆகி விட்டது.

வழிபாட்டு நேரம் முன்னால் வந்ததா, சாப்பாட்டு நேரம் முன்னால் வந்ததா, எது முதலில் என்று அறிஞர்கள் வாதாடுகிறார்கள். இரண்டும் ஒன்றை ஒன்று இழுத்து வந்தன என்று சொன்னால் தவறு இல்லை.

இங்கிலீஷில் நடுப்பகலுக்குச் சொல் இல்லாமலும் இல்லை. "மிட்டே", அதாவது நடுநாள் என்ற சொல் பழைய காலத்திலேயே இருந்தது. இன்றும் இருக்கிறது. ஆனாலும் வெளியூரில் இருந்து வந்த நோன், அதன் பக்கத்திலேயே இடம் பிடித்துக் கொண்டது.

தமிழில் நண்பகல் என்கிறோம். நள் என்றால் நடு. நள்ளிரவு என்பதில் உள்ள அதே "நள்" தான். பகலின் நடு, நண்பகல். அந்தச் சொல்லில் எண் எதுவும் கிடையாது. அதனால் அது நகரவும் இல்லை.

உறவுச் சொற்கள்

நோனின் கூடப் பிறந்த சொற்கள் பல நாடுகளில் இருக்கின்றன.

ஆறாம் மணிக்கு லத்தீனில் "செக்ஸ்டா". அது ஸ்பெயின் நாட்டில் "சியெஸ்டா" ஆயிற்று. வெயில் கொளுத்தும் நடுப்பகலில் சற்றுக் கண் அயர்வதற்கு அங்கே அந்தப் பெயர். உண்ட களைப்புத் தீரப் போடும் தூக்கத்தின் பெயருக்குள் ஆறு என்ற எண் ஒளிந்து கிடக்கிறது!

ஐஸ்லாந்து தீவில் "நோன்" என்ற சொல் இடம் மாறவே இல்லை. அங்கே நோன் என்றால் பிற்பகல் 3 மணி. பழைய பொருள் அப்படியே நிற்கிறது.

இங்கிலாந்தை ஒட்டிய வேல்ஸ் நாட்டில், பிற்பகலுக்கு "பிரின்ஹான்" என்று பெயர். அதன் கடைசிப் பகுதியில் இருப்பதும் இதே நோன்தான்.

பதினான்காம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் தொழிலாளிகள் வேலையின் நடுவே சிறிது குடித்து இளைப்பாறுவார்கள். அதற்கு "நோன்ஷென்ச்" என்று பெயர். நோன் நேரத்துப் பானம் என்று பொருள். அது மருவி "நஞ்சன்" ஆயிற்று. இன்றைய "லஞ்சன்" என்ற சொல் உருவானதில் இதற்கும் பங்கு உண்டு என்று அகராதிக்காரர்கள் கருதுகிறார்கள். "லஞ்சன்" சுருங்கினால் லஞ்ச்!

சொல்லுக்குள் ஒரு எண், நடப்பில் வேறு எண் என்பது நோனுக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. செப்டம்பர் என்றால் ஏழாவது மாதம். அக்டோபர் எட்டாவது. நவம்பர் ஒன்பதாவது. டிசம்பர் பத்தாவது. ரோமாபுரியின் பழைய ஆண்டு மார்ச் மாதத்தில் பிறந்தது. பிறகு ஜனவரிக்கு மாறியது. மாதங்களின் பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. பன்னிரண்டாவது மாதத்தைப் "பத்தாவது" என்ற பெயரால்தான் உலகம் அழைத்துக் கொண்டு இருக்கிறது.

இயந்திரக் கடியாரம்

பதினான்காம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் இயந்திரக் கடியாரங்கள் பரவின. இங்கிலாந்தில் சாலிஸ்பரி மாதா கோவிலில் உள்ள கடியாரம் 1386-ம் ஆண்டைச் சேர்ந்தது என்று கருதப்படுகிறது. அதற்கு முகமும் இல்லை, முள்ளும் இல்லை. நேரம் வந்தால் மணி அடிக்கும். அவ்வளவுதான்.

இரும்புச் சக்கரத்துக்குக் கோடையும் தெரியாது, குளிரும் தெரியாது. அது எப்போதும் ஒரே சீராகச் சுற்றும். ஆகவே எல்லா மணிகளும் சம நீளம் ஆயின. ஜூன் மாத மணியும் டிசம்பர் மாத மணியும் 60 நிமிடம். நாள் 24 மணி. நூன் என்பது பகல் 12 மணி என்று உறுதியாயிற்று.

ஆனாலும் நூன் முழுவதும் சூரியனை விட்டுப் பிரிந்து விடவில்லை. கடலில் போகும் கப்பல்களில், சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில் அதன் உயரத்தை அளந்து, கப்பல் எங்கே இருக்கிறது என்று கணக்கிட்டார்கள். கப்பல்காரர்களுக்கு வெகு காலம் வரை, நூன் முதல் நூன் வரை ஒரு நாள். வானத்தை ஆராயும் அறிஞர்களும் அப்படியே கணக்கு வைத்தார்கள். 1925-ம் ஆண்டில்தான் அவர்கள் நள்ளிரவுக் கணக்குக்கு மாறினார்கள்.

ஊருக்கு ஒரு நூன்

நூன் 12 மணிக்கு வந்து நின்றதும் கதை முடிந்து விட்டதா? இல்லை. யாருடைய 12 மணி என்று அடுத்த சண்டை வந்தது.

சூரியன் கிழக்கே உள்ள ஊரில் முதலில் உச்சிக்கு வரும். மேற்கே உள்ள ஊரில் பிறகு வரும். பிரிஸ்டல் நகரம் லண்டனுக்கு மேற்கே இருக்கிறது. லண்டனில் நூன் ஆகி சுமார் 10 நிமிடம் கழித்துத்தான் பிரிஸ்டலில் நூன். ஒவ்வொரு ஊர்க் கடியாரமும் அந்தந்த ஊர்ச் சூரியனைப் பார்த்து ஓடியது. குதிரை வண்டிக் காலத்தில் இதனால் யாருக்கும் தொல்லை இல்லை.

ரெயில் வந்தது. தொல்லையும் வந்தது.

லண்டனையும் பிரிஸ்டலையும் இணைத்த கிரேட் வெஸ்டர்ன் ரெயில்வே, 1840-ம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் எல்லா நிலையங்களிலும் லண்டன் நேரத்தையே பின்பற்றியது. ஊர்க் கடியாரத்தை நம்பி வந்தவர்கள் ரெயிலைத் தவற விட்டார்கள். பிரிஸ்டல் வியாபாரிகளின் சந்தைக் கட்டிடக் கடியாரத்தில் இரண்டு நிமிட முட்கள் வைக்கப்பட்டன. ஒன்று ஊர் நேரம், மற்றொன்று லண்டன் நேரம். 1852-ம் ஆண்டில் அந்த நகரம் லண்டன் நேரத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தக் கடியாரத்தில் இரண்டு முட்களையும் இப்போதும் பார்க்கலாம்.

இந்தச் சண்டை கோர்ட்டுக்கும் போயிற்று. 1858-ம் ஆண்டு டார்செஸ்டர் என்ற ஊரில் ஒரு வழக்கு. காலை 10 மணிக்கு விசாரணை. கோர்ட்டுக் கடியாரம் லண்டன் நேரப்படி ஓடியது. பிரதிவாதி வரவில்லை என்று நீதிபதி தீர்ப்புச் சொல்லி விட்டார். "ஊர் நேரப்படி இன்னும் 10 மணி ஆகவில்லையே!" என்பது பிரதிவாதியின் வாதம். மேல் கோர்ட்டு அவர் பக்கம் நின்றது. ஒரு ஊரில் 10 மணி என்றால் அந்த ஊரின் 10 மணிதான் என்று தீர்ப்பாயிற்று. பத்தே பத்து நிமிடத்தில் ஒருவர் தமது வழக்கை இழக்க இருந்தார்!

1880-ம் ஆண்டு பார்லிமெண்டு ஒரு சட்டம் போட்டது. அதன் பிறகு பிரிட்டன் முழுவதற்கும் கிரீன்விச் நேரமே சட்டப்படி நேரம் ஆயிற்று. ஊருக்கு ஒரு நூன் என்ற காலம் முடிந்தது.

சென்னையின் நூன்

இந்தியாவிலும் இதே கதை நடந்தது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வானியல் ஆராய்ச்சிக் கூடத்தைக் கட்டியது. நட்சத்திரங்களைப் பார்த்து அங்கே நேரம் கணித்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரெயில்கள் இந்த "மதராஸ் நேரம்" பார்த்துத்தான் ஓடின. அந்தக் கூடத்தின் கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கத்தில் நிற்கிறது. அதில் தமிழ் எழுத்துக்களும் உண்டு.

1906-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி இந்தியாவுக்கு ஒரே பொது நேரம் வந்தது. அது சென்னை நேரத்தை விட 9 நிமிடம் முன்னால் ஓடுவது. கல்கத்தா 1948-ம் ஆண்டு வரையிலும், பம்பாய் 1955-ம் ஆண்டு வரையிலும் தங்கள் பழைய நேரத்தை விடாமல் வைத்து இருந்தன.

ஆகவே, சென்னையில் கடியாரம் 12 அடிக்கும்போது சூரியன் பெரும்பாலும் உச்சிக்கு வந்து இருக்காது. பிப்ரவரி மாதத்தில் சுமார் 12 மணி 23 நிமிடத்துக்கு உச்சிக்கு வரும். நவம்பர் தொடக்கத்தில் 12 மணிக்கு முன்பே, சுமார் 11 மணி 53 நிமிடத்துக்கு வந்து விடும்.

வீட்டு முற்றத்திலோ மொட்டை மாடியிலோ ஒரு குச்சியை நேராக நட்டு வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். நிழல் எப்போது மிகவும் குட்டையாக இருக்கிறதோ, அதுதான் சூரியனின் நூன். சென்னையில் ஏப்ரல் 24-ந் தேதி வாக்கிலும், ஆகஸ்டு 18-ந் தேதி வாக்கிலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அன்று குச்சியின் நிழல் குச்சியின் அடியிலேயே மறைந்து விடும். பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல வேடிக்கை.

சோறும் நூனும்

பசியால் நகர்ந்த சொல், கடைசியில் பசி தீர்க்கும் இடத்துக்கே வந்து சேர்ந்து இருக்கிறது.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தரும் வேலையில் தமிழ்நாடு முன்னோடி. 1920-ம் ஆண்டிலேயே சென்னை நகரசபை ஒரு பள்ளியில் இதை ஆரம்பித்தது. காமராஜர் முதல்-மந்திரியாக இருந்தபோது 1950-களில் மதிய உணவுத் திட்டம் மாநிலம் எங்கும் பரவியது. 1982-ம் ஆண்டு எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-ம் ஆண்டு பள்ளிகளில் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது.

சத்துணவுத் திட்டத்துக்கு இங்கிலீஷில் வழங்கும் பெயர் என்ன தெரியுமா? "நூன் மீல்"! சத்துணவு மையத்துக்கு "நூன் மீல் சென்டர்". சத்துணவு அமைப்பாளருக்கு "நூன் மீல் ஆர்கனைசர்".

பெயரைப் பழைய பொருளில் எடுத்துக்கொண்டால், அது ஒன்பதாம் மணிச் சாப்பாடு. பிற்பகல் 3 மணிக்குத்தான் சோறு கிடைக்கும்!

நல்ல வேளை, சொல் நகர்ந்து விட்டது. வயது வந்த துறவிகளாலேயே 3 மணி வரை பசியைத் தாங்க முடியவில்லை. காலையில் இருந்து பாடம் படித்த பிள்ளை எப்படித் தாங்கும்? பகல் மணி அடித்ததும் தட்டை எடுத்துக்கொண்டு ஓடி வருகிற பிள்ளைக்கு, இந்தச் சொல்லுக்குள் ஒன்பது இருக்கிறதா, பன்னிரண்டு இருக்கிறதா என்பது பற்றிக் கவலை இல்லை. அந்த மணிக்குச் சோறு சூடாக இருக்க வேண்டும். அதுதான் முக்கியம்.